மாடியில் ஓர் அறை, கீழே ஒரு சுவர்: அனுமதி வாங்காமலே செய்யலாம் என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா?

கீழ்வீட்டு மகள்:

அப்பா கட்டிய வீடு. முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. முதலில் முன்பக்கம் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. பிறகு கையில் காசு சேர்ந்தபோது பின்னால் ஓர் அறையும் குளியலறையும் இழுத்துக் கட்டினார். மேலே மொட்டை மாடி. நான்கு மூலையிலும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, "பின்னால் மாடி எடுக்கலாம்" என்று அவர் விட்டுவைத்தது. இப்போது தொட்டால் துரு உதிர்கிறது.

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. அவளைத் தனியாக விட முடியாததால் நாங்கள் அங்கேயே குடிபோகிறோம். அதற்காக மூன்று வேலைகள் நினைத்திருக்கிறோம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு ஒன்றாக்குவது; வாக்கரோடு திரும்ப இடம் கிடைக்கும். பின் அறையை ஒட்டிப் பக்கத்துச் சந்தில் அம்மாவுக்கு ஒரு கழிவறை. மேலே எங்களுக்கு 12 அடிக்கு 12 அடியில் ஓர் அறை, வெளியிலிருந்து படி.

மேஸ்திரி எங்களுக்கு நெடுநாள் பழக்கம். அவர் சொல்வது இது: "சுவர் எடுப்பது உள்வேலை, அதற்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கழிவறை சின்ன வேலை. மேலே அறைக்குத் தளம் போட்டால்தான் அனுமதி. இப்போதைக்குச் சுவர் எழுப்பி ஷீட் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு வருடம் கழித்துத் தளம் போட்டுக்கொள்ளலாம்." என் வீட்டுக்காரருக்கு இது நியாயமாகப் படுகிறது. எனக்கு உறுத்துகிறது. உறுத்தலுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம்? முதலில் என்ஜினியரிடம் போவதா, அலுவலகத்துக்கா? அப்பா காலத்துப் பிளான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவரிடம் கேட்கவும் இப்போது வழியில்லை.

சிமெண்ட் கை:

அக்கா, பயப்படாதீர்கள். நான் என் வீட்டில் மேலே ஓர் அறையும் ஒரு கழிவறையும் கட்டி ஆறு வருடம் ஆகிறது. ஒரு தாள்கூட வாங்கவில்லை. ஒருவரும் வரவில்லை. அப்படியே வந்தாலும் அபராதம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள எப்படியும் ஒரு வாய்ப்புத் தருவார்கள். அனுமதிக்கு அலைகிற நேரத்தில் வேலையே முடிந்துவிடும். மேஸ்திரி அனுபவஸ்தர் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற அளவுகோல்:

அம்மா, கட்டட அனுமதிக்கு வரும் பிளான்களைச் சரிபார்க்கும் மேசையில் 27 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் ஷீட். உங்கள் மேஸ்திரி தளத்தைத்தான் பாரம் என்று நினைக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரம் என்றால், ஓர் அடி நீளத்துக்கு ஏறக்குறைய 400 கிலோ. 12க்கு 12 அறையின் நான்கு சுவரும் சேர்ந்து 48 அடி. 19 டன் வருகிறது. கதவு, ஜன்னலைக் கழித்தால் 16 என்று வையுங்கள். அதன்மேல் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் அது 4 டன் சொச்சம். ஆக, ஷீட் போட்டு நீங்கள் மிச்சம் பிடிப்பது 20 டன்னில் 4 டன். மீதி 16 டன் முதல் நாளே அப்பாவின் அஸ்திவாரத்தில் உட்கார்ந்துவிடும். பெரிய பாரத்தை அனுமதியில்லாமல் ஏற்றிவிட்டு, சின்ன பாரத்துக்கு அனுமதி கேட்டு இரண்டு வருடம் கழித்து வரச் சொல்கிறார்.

சட்டப்படியும் அது எடுபடாது. கூரை ஷீட்டோ ஓடோ தளமோ, நாலு சுவரும் கதவும் இருந்தால் அது அறை. பரப்பளவுக் கணக்கில் சேரும்.

"உள்வேலை, வெளிவேலை" என்று பிரிப்பதே தப்பு. நாங்கள் மேசையில் அப்படிப் பிரித்ததில்லை. ஊருக்கு ஊர் விதி மாறும், ஆனால் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: வீட்டைத் தாங்குகிற ஏதாவது ஒன்றில் கை வைக்கிறார்களா? வீட்டின் வெளிக்கோடு மாறுகிறதா? உயரமோ பரப்போ கூடுகிறதா? கழிவுநீருக்குப் புது வழி போடுகிறார்களா? ஓர் அறை இதுவரை எதற்குப் பயன்பட்டதோ அதிலிருந்து மாறுகிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் மனு போட வேண்டியிருக்கும். வெள்ளையடிப்பது, தரைக்கு டைல்ஸ் மாற்றுவது, அலமாரி செய்வது, அதே அளவில் பழைய கதவை எடுத்துப் புதுக் கதவு வைப்பது, இதற்கெல்லாம் வழக்கமாக யாரும் பிளான் கேட்பதில்லை. உங்கள் மூன்று வேலையும் இந்தப் பட்டியலில் இல்லை.

சுவருக்கு வருகிறேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச்சுவர் என்றால் வீட்டின் நடுவில் ஓடுகிற சுவர். அந்தக் காலத்து வீடு, தூண் வைக்காமல் சுவரின் மேலேயே தளத்தை உட்கார வைத்திருப்பார்கள். இரண்டு பக்கத் தளமும் அந்தச் சுவரில்தான் தலைவைத்துப் படுத்திருக்கும். தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்து "இது பாரம் தாங்காத சுவர்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். மெல்லிய சுவரும் தாங்கிக்கொண்டிருக்கலாம், தடித்த சுவர் சும்மாவும் நிற்கலாம். தளத்தின் கம்பி எந்தத் திசையில் ஓடுகிறது, மேலே பீம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும்.

கழிவறை. சந்து என்கிறீர்களே, அது பக்க இடைவெளி. சும்மா விட்ட இடமில்லை. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும், ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருப்பதற்கும், ஆள் புகுந்து வருவதற்கும் விடச் சொன்னது. அதில் கட்டினால் அனுமதி கிடைப்பது கடினம். இன்னொன்றும் கேட்கிறேன்: பின் அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்? சந்துப் பக்கம்தான் என்றால், புதுக் கழிவறை அந்த ஜன்னலை மூடிவிடும். புதிதாகக் கட்டுவதை மட்டும் பிளானில் பார்த்துவிட்டு, அதனால் இருட்டாகிப் போகிற பழைய அறையை மறந்துவிடுவார்கள். நான் திருப்பி அனுப்பிய கூடுதல் அறை மனுக்களில் இது அடிக்கடி வரும். வாழும் அறை ஒவ்வொன்றுக்கும் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு போல ஜன்னல் திறப்பு வேண்டும் என்பார்கள். 100 சதுர அடி அறைக்கு 10 சதுர அடி.

படி. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிளான் கையில் வந்ததும் நான் படியைத்தான் முதலில் எண்ணுவேன். தரைக்கும் மாடித் தரைக்கும் பத்தடி, அதாவது 120 அங்குலம். ஒரு படியின் உயரம் 7 அங்குலம் என்றால் 17 ஏற்றம். நடுவில் மிதிக்கிற பலகை 16. ஒவ்வொன்றும் 10 அங்குலம் என்றால் 160 அங்குலம், 13 அடிக்கு மேல் ஓடும். வரைபவர்கள் அழகாக 11 படி போட்டுவிட்டு, 8 அடி இடத்தில் முடித்துவிடுவார்கள். அந்தப் படியில் ஏறினால் மாடிக்கு மூன்றரை அடி கீழே அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான். உங்கள் வெளிப்படிக்கு 13 அடி நீளமும் மூன்றடி அகலமும் எங்கே இருக்கிறது என்று இப்போதே யோசியுங்கள். அதுவும் சந்தில்தான் என்றால் சந்து செத்தது.

மனுக்கள் திரும்புவதற்குப் பெரிய சட்டச் சிக்கல் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் தாளும் தாளும் ஒத்துப்போகாததுதான். அறைகளின் உள்ளளவையும் சுவர்களின் தடிப்பையும் கூட்டினால் வெளியளவு வர வேண்டும். வராது. மேல்தளப் படத்தில் ஜன்னல் நான்கு, முன்தோற்றப் படத்தில் மூன்று. பத்திரத்தில் கிழக்கே 40 அடி, பிளானில் 41. பரப்பளவுப் பட்டியலில் ஓர் எண், படத்தை அளந்தால் வேறு எண். ஒரு முறை வந்த பிளானில் வடக்கு அம்புக்குறி தெருவைப் பார்த்து இருந்தது. பத்திரத்தின்படி தெரு தெற்கே. வரைந்தவர் பக்கத்து வீட்டுப் பிளானை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்.

ஆகவே, என்ஜினியரிடம் போவதற்கு முன் நீங்களே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு நாள் காலையில் வீட்டைச் சுற்றி நடங்கள். பத்திரம் ஒரு கையில் இருக்கட்டும். மனையின் நான்கு பக்கமும் அளந்து பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். கவனம், காம்பவுண்டுச் சுவரிலிருந்து அளக்காதீர்கள். எல்லைக் கல்லிலிருந்து அளவு வேண்டும். கல் தெரியவில்லை என்றால் சர்வேயரை வைத்து எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் அலுவலகத்துக்குப் போய், மனு எதுவும் போடாமல், கையால் வரைந்த ஒரு படத்தைக் காட்டி, "எங்கள் மனைக்கு எவ்வளவு இடைவெளி, எவ்வளவு பரப்பு, எத்தனை மாடி?" என்று மட்டும் கேளுங்கள். பரப்புக் கணக்கு எளிது. மனை 2000 சதுர அடி, தளப்பரப்புக் குறியீடு 1.5 என்றால் எல்லாத் தளமும் சேர்த்து 3000 வரை கட்டலாம். அதில் பின்னால் இழுத்துக் கட்டியதும் சேரும். அப்பா அதற்கு அனுமதி வாங்கினாரா என்பது வேறு கேள்வி. அது தானாக வெளியே வரும்.

சிமெண்ட் கை தம்பிக்கு: ஆறு வருடம் யாரும் வரவில்லை என்பது உண்மையாக இருக்கும். நாங்கள் நான்கு பேர், கட்டடம் பல ஆயிரம். முறைப்படுத்திக்கொள்ளலாம் என்கிறீர்களே, முறைப்படுத்தினால் தாளில்தான் மை மாறும், சுவருக்குள் இருக்கிற கம்பி மாறாது. துருக்கியில் 2018இல், அனுமதியில்லாக் கட்டடங்களுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துகொள்ள அரசே வழிவிட்டது. உரிமையாளரே விவரம் எழுதிக் கொடுத்தால் போதும். நிலநடுக்கம் வந்தால் தாங்குமா என்பது அவருடைய பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். 2023 பிப்ரவரி 6ஆம் தேதி நிலநடுக்கத்தில் அந்த நாட்டில் 50,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். எல்லோரும் அந்தக் கட்டடங்களில் இருந்தவர்கள் என்று சொல்லவில்லை, அனுமதி வாங்கியவையும் விழுந்தன. ஆனால் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்காத வீட்டில் இருப்பவருக்கு அது தெரிய வரும் நாள் அப்படித்தான் வருகிறது. உங்கள் மாடி அறைக்கு ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டிவிடுங்கள் தம்பி. மனு போடாவிட்டாலும் அதைச் செய்யுங்கள்.

விற்க முடியாதவன்:

ஐயா சொன்னதில் விடுபட்டது ஒன்று. நான் வாங்கிய வீட்டில் முந்தைய உரிமையாளர் பின்பக்கத் திண்ணையை மூடி அறையாக்கியிருந்தார். எனக்குத் தெரியாது. எனக்குக் கடன் வேண்டியிருக்கவில்லை, அதனால் யாரும் பிளானைக் கேட்கவில்லை. நான் விற்கப் போனபோது வாங்க வந்தவர் கடன் கேட்டார். கடன் கொடுப்பவர்கள் அனுப்பிய மதிப்பீட்டாளர் பிளானையும் வீட்டையும் ஒப்பிட்டுவிட்டு, "இந்த அறை காகிதத்தில் இல்லையே" என்றார். அவர் அந்த அறையை மதிப்பில் சேர்க்கவில்லை. அது போகட்டும், மொத்தப் பத்திரத்தையே சந்தேகமாகப் பார்த்தார்கள். வாங்க வந்தவர் பின்வாங்கினார். அடுத்து வந்தவரும் பின்வாங்கினார்.

கடைசியில் நானே மனு போட்டேன். பின்பக்க இடைவெளி போதாது என்று நிராகரித்தார்கள். அறையை இடித்து, திண்ணையை மறுபடி திண்ணையாக்கி, அதற்கு ஒரு சான்று வாங்கிய பிறகுதான் விற்றது. இன்னொருவர் கட்டியதை என் செலவில் இடித்தேன்.

சிமெண்ட் கை:

ஐயா, 27 வருடம் அந்த மேசையில் இருந்தவர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மனுவுக்கு எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதனால்தானே நாங்கள் இப்படிச் செய்கிறோம்.

ஓய்வுபெற்ற அளவுகோல்:

அடி சரியாகத்தான் விழுந்தது. மேசையில் கிடந்த தாள்களும் உண்டு, ஒரே தடவையில் சொல்ல வேண்டிய குறைகளை மூன்று தடவையாகச் சொன்ன சகாக்களும் உண்டு. நானும் இரண்டு, மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறேன். குறைக் கடிதம் வந்தால், "இவை தவிர வேறு குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு வரி மேசைக்காரரை முழுப் பிளானையும் பார்க்க வைக்கும்.

கீழ்வீட்டு மகள்:

ஐயா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை டேப்போடு இறங்கினோம். என் வீட்டுக்காரர் ஒரு முனை, நான் ஒரு முனை. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்களை எழுதிக்கொண்டார்.

சந்து ஐந்தடி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதை வைத்துத்தான் நான்கடிக் கழிவறை என்று கணக்கு. மனையின் அகலம் பத்திரத்தில் 40 அடி. சுவருக்குச் சுவர் அளந்தால் 41. மறுநாள் சர்வேயரை அழைத்து வந்தோம். செடிக்கு அடியில் எல்லைக் கல் கிடைத்தது. நம் காம்பவுண்டுச் சுவர் ஓர் அடி பக்கத்து மனைக்குள் இருக்கிறது. அப்பா தெரிந்து கட்டியிருக்க மாட்டார், கொத்தனார் கயிறு பிடித்தபோது பிசகியிருக்கும். ஆகச் சந்து நாலடிதான். பக்கத்து வீட்டு அண்ணனிடம் நாங்களே போய்ச் சொல்லிவிட்டோம். அவர் சிரித்தார். "இத்தனை வருடமாக என் மண்ணில் உங்கள் செம்பருத்தி பூக்கிறது" என்றார். சுவரை எப்போது மாற்றிக் கட்டுகிறீர்கள் என்றும் கேட்டார்.

ஜன்னலும் சந்துப் பக்கம்தான். அந்த அறைக்கு அது ஒன்றுதான் ஜன்னல்.

இப்போது கேள்விகள். பழைய பிளான் இல்லாமல் மனு போட முடியுமா? துருப்பிடித்த அந்தக் கம்பிகளைப் பயன்படுத்த முடியுமா? அப்பாவின் அஸ்திவாரம் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடுச்சுவரை எடுக்கவே கூடாதா?

ஓய்வுபெற்ற அளவுகோல்:

பிளான் உங்களிடம் இல்லாவிட்டால் அலுவலகப் பதிவறையில் ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. மனை எண், அப்பா பெயர், கட்டிய வருடம் குறிப்பிட்டுச் சான்றிட்ட நகல் கேட்டு எழுதுங்கள். அது கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம், இருக்கிற வீட்டை இருக்கிறபடி அளந்து வரையச் சொல்லுங்கள். அப்பா பின்னால் இழுத்துக் கட்டிய இணைப்பை மறைக்காதீர்கள். ஒரே படத்தில் இருப்பது ஒரு நிறம், இடிப்பது ஒரு நிறம், புதிது ஒரு நிறம். நிறம் எது என்பதை உங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருப்பார்கள். மூன்றையும் ஒரே கறுப்பில் வரைந்து கொண்டுவந்தால் எந்தச் சுவர் போகிறது, எது வருகிறது என்று தேடுவதற்குள் மேசைக்காரருக்கு எரிச்சல் வந்துவிடும்.

பக்கத்து வீட்டாரிடம் முதலில் போய்ச் சொன்னீர்களே, அதற்கு ஒரு கும்பிடு.

பீம் அக்கா:

கம்பி, அஸ்திவாரம், சுவர் மூன்றும் என் வேலை என்பதால் நுழைகிறேன். கட்டமைப்பு வடிவமைப்புதான் என் தொழில்.

கம்பி: மூலைகளில் நீட்டியிருக்கிறது என்றால் அங்கே தூண் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தளத்தில் ஓர் அடி மட்டும் செருகி, "பிறகு பார்க்கலாம்" என்று விட்ட கம்பிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கீழே பூச்சை ஓர் இடத்தில் உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட, கம்பித் தடிப்பைப் போல் 40லிருந்து 50 மடங்கு நீளம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் ஏறக்குறைய அரை மீட்டர். துரு உதிர்ந்து மெலிந்த கம்பியில் அந்தக் கணக்குச் செல்லாது. மேல்துருவைத் தேய்த்தால் போகும், மெலிந்தது திரும்பி வராது.

அஸ்திவாரம்: பாரம் அதிகமாக வரும் இரண்டு இடங்களில் சுவரை ஒட்டி, ஆளிறங்கும் அளவுக்குக் குழி தோண்டிப் பார்ப்போம். அஸ்திவாரம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், அடியில் என்ன மண் என்று கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். குழியை ஒரே நேரத்தில் நீளமாகத் தோண்டக் கூடாது, பார்த்த உடனே மூடிக் கெட்டிப்படுத்திவிட வேண்டும். அகலம் போதாது என்றாலும் வழி உண்டு. செங்கல்லுக்குப் பதில் காற்றூட்டிய கான்கிரீட் கற்களில் கட்டினால் சுவரின் எடை மூன்றில் ஒரு பங்காகிவிடும். அளவுகோல் ஐயா போட்ட 16 டன் 6 டன்னுக்குள் வந்துவிடும். அதோடு ஷீட் கூரை என்றால் மேஸ்திரியின் யோசனைக்கும் ஓர் அர்த்தம் வருகிறது. ஆனால் அனுமதியோடு.

சுவர்: முழுச் சுவரையும் எடுக்க வேண்டுமா என்று அம்மாவை வைத்து யோசியுங்கள். வாக்கர் சுற்ற ஐந்தடி வட்டம் இருந்தால் போதும், சமையலறை வாசலுக்கு மூன்றடி அகலம் போதும். சுவரின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு அடியை விட்டுவிட்டு, நடுவில் ஒரு திறப்பு வைத்து, மேலே பீம் கொடுத்தால் அந்த முனைகளே பீமைத் தாங்கிக்கொள்ளும். அந்த முனைகளுக்கு அடியில் அஸ்திவாரம் போதுமா என்பதையும் பார்ப்போம், ஏனென்றால் இதுவரை நீளத்துக்கும் பரவியிருந்த பாரம் இரண்டு இடத்தில் குவிகிறது. முதலில் இரண்டு பக்கத் தளத்துக்கும் முட்டு. பிறகு பீம். பீம் கான்கிரீட் என்றால் அது முழு வலு பெறும் 28 நாள் கணக்கை மனதில் வைத்து முட்டுகளை எடுக்கும் நாளைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அதற்குள் மேஸ்திரிக்கு முட்டுப் பலகை வேறு வீட்டுக்குத் தேவைப்படும். தராதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், எங்காவது பழைய சிமெண்ட் ஷீட் கூரை இருந்தால் அதை உடைக்காதீர்கள். அந்தக் காலத்து ஷீட் என்றால் ஆஸ்பெஸ்டாஸ். நூலைவிடச் சன்னமான நார், மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும், நோய் பல வருடம் கழித்து வரும். நனைத்து, முழுசாகக் கழற்றி, அதற்கென்று இருக்கும் ஆட்களை வைத்து அகற்றுங்கள்.

சிமெண்ட் கை:

அக்கா, என் மாடி அறைக்கும் இப்படிக் குழி தோண்டிப் பார்க்க முடியுமா? கேட்டு வைக்கிறேன்.

பீம் அக்கா:

முடியும். தோண்டுங்கள்.

கீழ்வீட்டு மகள்:

நான்கு மாதம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கழிவறையைச் சந்தில் கட்டவில்லை. பின் அறையின் ஒரு மூலையைத் தடுத்து உள்ளேயே கொண்டுவந்தோம். அறை கொஞ்சம் சிறிதாகிவிட்டது, ஆனால் ஜன்னல் பிழைத்தது, அம்மாவுக்குக் கட்டிலிலிருந்து எட்டு அடிதான். புதுக் கழிவுக் குழாய் இணைப்புக்கு மட்டும் தனியாக ஒரு படம் கேட்டார்கள்.

குழி தோண்டினோம். முன்பக்கம் அஸ்திவாரம் நன்றாகவே இருந்தது. பின்னால் இழுத்துக் கட்டிய பகுதிக்கு ஒன்றேகால் அடி ஆழம்தான். நாங்கள் மாடி அறையைப் பின்பக்கத்துக்கு மேலேதான் திட்டமிட்டிருந்தோம். பீம் அக்கா போல ஒரு பொறியாளர் பார்த்துவிட்டு, "மேலே போவதாக இருந்தால் முன்பக்கம், எடை குறைந்த கல், அதுவும் இந்த வேலை முடிந்த பிறகு" என்றார். அதனால் மாடியை வேறு மனுவாக வைத்துக்கொண்டோம். இன்னும் போடவில்லை. அதுவரை நானும் என் வீட்டுக்காரரும் கூடத்தில்தான் படுக்கிறோம்.

கீழ்த்தள மனு முதலில் திரும்பியது. குறைகள் மூன்று. இணைப்புப் பகுதியின் பரப்பைப் பட்டியலில் சேர்க்கவில்லை; இடிக்கும் சுவருக்கு நிறம் கொடுக்கவில்லை; வடக்கு அம்புக்குறி இல்லை. மூன்றாவதைப் படித்ததும் அளவுகோல் ஐயாவை நினைத்துச் சிரித்தேன். திருத்திக் கொடுக்கும்போது அவர் சொன்ன அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதினேன். மேசையில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், பிளானை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நான்காவதாக ஒரு குறையை அங்கேயே சொன்னார், கழிவறைக் காற்றுப்போக்கியின் அளவு எழுதவில்லையாம். பேனாவால் அங்கேயே எழுதிக் கொடுத்தோம். பதினொரு நாளில் அனுமதி வந்தது. அப்பாவின் இணைப்புக்கும் அபராதத்தோடு அதே தாளில் தீர்ந்தது, ஏனென்றால் பின்பக்க இடைவெளி தற்செயலாகப் போதுமானதாக இருந்தது.

பீமுக்குக் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு முன் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஓர் இடத்தில் கம்பி, கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடித்த சென்ட்ரிங் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பியைக் கான்கிரீட் முழுக்க மூடும்படி இடைவெளி விட, அடியில் கவரிங் கட்டை வைக்கச் சொன்னார். கட்டை வைத்துக் கம்பியை உயர்த்த ஐந்து நிமிடம் ஆனது. மறுநாள் வந்திருந்தால் அது கான்கிரீட்டுக்குள் போயிருக்கும்.

மேஸ்திரிக்குத்தான் முதலில் மனக்குறை. இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் "அனுமதியோடு செய்கிற வேலை" என்று சொல்லிக்கொள்கிறார். பிளானின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எல்லோரும் பார்க்கும்படி ஆணியடித்து மாட்டியிருந்தார். அடுத்த வாரம் இடிக்க வேண்டிய சுவரில்.